உயிரியல் துறைக்கு ஐந்தாண்டுத் திட்டம் வரைதல்: முதன்முறை பொறுப்பேற்கும் விரிவுரையாளருக்கு

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன ஒருவரிடம், துறையின் ஐந்தாண்டுத் திட்டக் குழுவுக்குச் செயலாளர் என்ற பொறுப்பு வந்து சேர்வது வழக்கம். முனைவர் பட்டத்துக்காகக் காட்டிலும் கடற்கரையிலும் நுண்ணோக்கியின் முன்னும் ஆண்டுக்கணக்கில் கழித்த ஒருவருக்குத் திட்டம் வரையும் வேலையை யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உயிரியல் துறைகளில் புதிதாகச் சேர்ந்த நம் இளைஞர்கள் சிலர், எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்களிடம் தனித்தனியே சொன்னவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கற்பித்தலுக்கு ஒரு திட்டம், ஆராய்ச்சிக்கு மற்றொரு திட்டம் என்று இரண்டு குழுக்கள் அமைத்து, இரண்டு அறிக்கைகளை எழுதி, கடைசியில் ஒன்றாகத் தைத்துக் கொடுக்கும் பழக்கம் பல துறைகளில் இருக்கிறது. உயிரியல் துறைக்கு இது பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. காலையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்துபவரும் பிற்பகலில் ஆராய்ச்சி மாணவரின் முடிவுகளைப் பார்ப்பவரும் ஒரே ஆள். பயன்படும் மேசையும் உறைவிப்பானும் ஆய்வக உதவியாளரும் ஒன்றே. ஆகவே அந்த ஆளின் நேரமும் அந்த மேசையும் எதற்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதுதான் திட்டம். அந்தத் தீர்மானம் இல்லாத ஆவணத்தில் எத்தனை இலக்குகள் இருந்தாலும் திங்கட்கிழமை காலை எவரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை.

முதலில் படிக்க வேண்டியவை

இதற்கு ஒரு வாரம் போதும். பல்கலைக்கழகத்தின் நடப்புத் திட்டம், உயர்கல்வி அமைச்சின் நீண்டகாலத் திட்டம், மலேசியக் கல்வித்தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பாடத்திட்ட அங்கீகார வழிமுறைகள், துறைக்குக் கடைசியாக வந்த வெளித்தேர்வாளர் அறிக்கைகள், ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிய பழைய திட்டம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் அதிகம் கற்றுத் தருவது பழைய திட்டமே. அதில் எழுதியவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்குக் காரணம் பணமா, ஆளா, மனமா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கு வாசகங்களைப் பெயர்த்தெடுத்துத் துறையின் திட்டத்தில் ஒட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். டீன் அலுவலகத்தில் அவற்றை ஏற்கெனவே அறிவார்கள்.

ஆட்களை எண்ணுதல்

அடுத்து, ஒரு தாளில் துறையின் ஆசிரியர்கள் அனைவரின் ஓய்வு ஆண்டையும் எழுதுங்கள். பொதுப் பல்கலைக்கழகங்களில் இன்று கட்டாய ஓய்வு வயது பெரும்பாலும் 60. ஒவ்வொருவருக்கும் எதிரே, அவரைத் தவிர வேறு எவரும் எடுக்க முடியாத பாடம் எது, அவர் மட்டுமே இனங்காணக்கூடிய உயிர்க்குழு எது, அவர் பொறுப்பில் மட்டுமே இருக்கும் மாதிரித் தொகுப்பு எது என்று குறியுங்கள். இந்த ஒற்றைத் தாள், நீங்கள் தயாரிக்கப்போகும் எல்லா ஆவணங்களையும் விட முக்கியமானது.

காரணத்தைச் சொல்கிறேன். மூலக்கூறு உயிரியல் கற்றவர் ஓய்வு பெற்றால் ஓரிரு ஆண்டுகளில் இன்னொருவரை எடுத்துவிடலாம். நன்னீர்ப் பாசிகளையோ பெரணிகளையோ கொசு இனங்களையோ கண்ணால் பார்த்து இனங்காணக்கூடிய வகைப்பாட்டியல் அறிஞர் ஒருவர் உருவாக முனைவர் பட்ட ஆண்டுகள் மட்டும் போதாது. அதன் பின்னும் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பார்த்தாக வேண்டும். புதிய பணியிடத்துக்கு ஒப்புதல் வாங்கும் காலத்தையும் சேர்த்தால், ஓய்வுக்கு ஆறு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கியாக வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம் இந்த ஒன்றுக்கு மட்டும் குறுகியது; எனவே அடுத்த திட்டக் காலத்தில் ஓய்வு பெறுபவர்களின் பாடங்களையும் இந்தத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

நான் நெருங்கி அறிந்த ஒரு துறையில் பெரணிகளை நன்கறிந்த ஒரே ஆசிரியர் ஓய்வு பெற்றார். விருந்து நடந்தது, நினைவுப்பரிசு கொடுத்தார்கள். அவர் முப்பது ஆண்டுகள் சேர்த்த உலர்தாவரத் தாள்கள் இருந்த அலமாரியை அதற்குப் பின் யாரும் திறக்கவில்லை. நம் ஊரின் ஈரக்காற்றில், குளிர்சாதனம் நிறுத்தப்பட்ட அறையில், இரண்டு ஆண்டுகளில் பூஞ்சை வேலையை முடித்துவிட்டது. இதை நான் இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். அந்தத் துறையின் அப்போதைய திட்டத்தில் உலகத்தர ஆராய்ச்சியைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன; அந்த அலமாரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆய்வக உதவியாளர்களையும் இதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி எந்த மாதத்தில் மக்கர் செய்யும், எந்த வேதிப்பொருள் வந்துசேர மூன்று மாதமாகும் என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் மூத்த உதவியாளர் ஒருவர், “தம்பி, மெஷின் வாங்கும்போது எங்கள யாரும் கேக்குறதில்ல, கெட்டுப்போனாத்தான் கூப்புடுறாங்க” என்று சொன்னார். அன்று முதல், நான் இருந்த எந்தத் திட்டக் குழுவிலும் உதவியாளர் ஒருவருக்கு இடம் கேட்டுப் பெறாமல் விட்டதில்லை.

நேரத்தை எண்ணுதல்

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதாவது மாணவரின் 4800 மணி நேரம். விரிவுரை, செய்முறை, வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது யாவும் இதற்குள் அடங்கும். புதிய பாடமொன்றைச் சேர்க்க வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று கேட்பது செயலாளரின் கடமை.

ஆசிரியரின் நேரத்தை எண்ணுவது இதை விடக் கடினம். ஆனால் பலன் அதிகம். ஒரு கணக்கைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் 72 மாணவர்கள் இருக்கிறார்கள் என்றும், செய்முறைக் கூடத்தில் 24 இருக்கைகள் மட்டுமே உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செய்முறையையும் மூன்று முறை நடத்தியாக வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று மணி நேரச் செய்முறைகள் பத்து என்றால் 90 மணி நேரம். அதே கூடத்தை 36 இருக்கைகளாக விரிவாக்கினால் இரண்டு முறை போதும். 60 மணி நேரத்தில் முடிந்துவிடும். இத்தகைய பாடங்கள் ஆண்டுக்கு எட்டு இருந்தால், பன்னிரண்டு இருக்கைகளும் அவற்றுக்கான நுண்ணோக்கிகளும் துறைக்கு 240 மணி நேரத்தை மீட்டுத் தருகின்றன. வாரத்துக்கு 40 மணி என்று பார்த்தால் ஒருவருடைய ஆறு வார உழைப்பு அது. ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்ற குறையை உயிரியல் துறைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதன் விடை பெரும்பாலும் ஆராய்ச்சி நிதியில் கிடைப்பதில்லை, செய்முறைக் கூடத்தின் இருக்கைகளில் கிடைக்கிறது. இடம் விரியாதென்றால், ஆராய்ச்சி மாணவர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தி அதற்கு உரிய ஊதியத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். ஊதியம் இல்லாமல் அவர்களை அமர்த்துவது அவர்களுடைய பட்ட ஆண்டுகளை நீட்டிப்பதாகவே முடியும்.

எல்லாப் பாடங்களுக்கும் இப்படி ஒரு எக்செல் கோப்பில் கணக்கெடுங்கள். விடைத்தாள் திருத்துவதையும், ஆய்வேடு வழிநடத்துவதையும், குழுக் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். யாரும் இதைத் தம் மேல் வைக்கும் கண்காணிப்பாக நினைக்காதபடி, எதற்காக எண்ணுகிறீர்கள் என்பதை முதல் நாளே துறைக் கூட்டத்தில் விளக்கிவிட வேண்டும்.

இடம் தந்திருப்பதைப் பயன்படுத்துதல்

ஆராய்ச்சிக்கான முதன்மைத் துறைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உலகெங்கும் பேசப்படும் தலைப்புகளை அடுக்கும் ஆசை வரும். மரபணுத் திருத்தம், செயற்கை உயிரியல், புற்றுநோய் என்று பட்டியல் நீளும். அவற்றில் வலுவானவர்கள் துறையில் இருந்தால் நல்லதுதான். ஆனால் வேறு ஊர்த் துறை எதுவும் எளிதில் செய்ய முடியாததும், நமக்கு வாசலிலேயே கிடைப்பதும் என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

1969-இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். குளுகோரிலுள்ள மிண்டன் வளாகத்திலிருந்து காரில் புறப்பட்டால், 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைத் தண்ணீர்மலை அடிவாரத்தில் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். அதற்கு மேலே இருக்கும் பினாங்குக் கொடிமலைக் காட்டை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங். அங்கே 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா. அதற்குள் அப்பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம். அதே பூங்காவின் பந்தாய் கெராச்சூட் கரையில் பேராமைகள் முட்டையிட வருகின்றன; மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் நிற்கும் ஏரியும் அங்கே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ கோலாலம்பூர் வளாகத்துக்குள்ளேயே 1974-இல் உருவான ரிம்பா இல்மு தாவரத் தோட்டமும், நகருக்கு வெளியே உலு கோம்பாக்கில் 1965 முதல் இயங்கும் கள ஆய்வு மையமும் இருக்கின்றன. இவை பெரும் செல்வங்கள். மிதவெப்ப நாடுகளின் பல துறைகள் இத்தகைய ஓரிடத்துக்கு வர விமானச் சீட்டுக்கே நிதி தேட வேண்டியிருக்கிறது.

கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றாவதற்கு ஏற்ற இடமும் இதுவே. இரண்டாம் ஆண்டுச் சூழலியல் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். பெரும்பாலும் ஆசிரியருக்கு வசதியான இடத்தில், வசதியான நாளில், ஆண்டுக்கொரு விதமாக அளந்து, அறிக்கைக்கு மதிப்பெண் போட்டபின் தரவு மறைந்துவிடும். இதற்கு மாறாக, கரையில் நிலையான புள்ளிகள் சிலவற்றைக் குறித்து, அங்கிருந்து நீர் நோக்கி ஒரே திசையில் கயிறு இழுத்து, ஒரே அளவுள்ள சதுரச் சட்டங்களை ஒரே இடைவெளியில் வைத்து, கடல் ஏற்ற இறக்க அட்டவணைப்படி நீர் ஒரே அளவு வற்றும் நாளில், ஒரே படிவத்தில் ஆண்டுதோறும் எண்ணினால், பத்தாண்டில் அந்தக் கரையைப் பற்றி வேறு எவரிடமும் இல்லாத தொடர் தரவு துறையின் கையில் இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பினாங்கின் கரையையும் தாக்கியது. அதற்கு முன் அளந்து வைத்திருந்தவரால் மட்டுமே அதன் பின் எது மாறியது என்று சொல்ல முடியும். இனி கடலோரத்தில் நிகழப்போகும் எந்த மாற்றத்துக்கும் இது பொருந்தும்.

இதைத் திட்டத்தில் எழுதும்போது நான்கு செய்திகள் விடுபடக்கூடாது: தரவைக் காக்கும் பொறுப்பு எந்தப் பதவிக்கு உரியது, படிவத்தை மாற்ற யாருடைய ஒப்புதல் வேண்டும், மாணவர் எண்ணியதில் எத்தனை விழுக்காட்டை ஆசிரியர் மறுபடி எண்ணிச் சரிபார்ப்பார், கட்டுரையாக வெளிவரும்போது மாணவர்களின் பெயர் எப்படி இடம்பெறும். பொறுப்பைத் தனிமனிதரின் பெயரில் எழுதினால் அவர் விடுப்பில் போகும் ஆண்டில் தொடர் அறுந்துவிடும். பதவியின் பெயரில்தான் எழுத வேண்டும்.

அனுமதிகளுக்கான காலம்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எனவே திட்டத்தின் காலக்கோட்டில் தனி நிரல் ஒதுக்குங்கள். உயிர்வளத்தை அணுகுதல், பலன் பகிர்தல் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 795, 2020 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிக நோக்கமில்லாத ஆராய்ச்சிக்கும் அதன்கீழ் அனுமதி தேவைப்படும். காட்டு விலங்குகளோடு செய்யும் ஆய்வுக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மரபணு மாற்றிய உயிரிகளுக்கு 2007-ஆம் ஆண்டு உயிரிப்பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்துக்குட்பட்டவை. எனவே பினாங்கிலிருந்து பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காட்டுக்குப் போனாலும் வேறொரு மாநில வனத்துறையிடம் கேட்க வேண்டும். சபாவும் சரவாக்கும் தமக்கெனத் தனிச் சட்டங்களை வைத்திருக்கின்றன. இறுதியாண்டு மாணவருக்கு ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டு பருவங்களே. அவர் தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு அனுமதிக்கு எழுதினால் பட்டமளிப்பு விழாவே வந்துவிடும். ஆகவே நிலையான களங்களுக்குரிய அனுமதியைத் துறையே முன்கூட்டிப் பெற்று, காலாவதிக்கு முன் புதுப்பித்து, மாணவர்களின் பெயர்களை அதில் சேர்ப்பது என்று எழுதிவிடுங்கள்.

ஆய்வகக் கழிவும் இதைச் சேர்ந்ததே. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, விதிகளின் அட்டவணையில் பட்டியலிடப்பட்ட கழிவுகளை வளாகத்தில் 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. புதிய ஆய்வகத்துக்கு வரைபடம் போடும் எவரும் கழிவு அறையை மறக்கிறார்கள்.

பாடத்திட்டத்தைச் சீரமைத்தல்

எதை அறிந்தவராக மாணவர் பட்டம் பெற்று வெளியேற வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வருவதே நல்ல முறை. புள்ளியியலையும் தரவுக் கையாளலையும் தனிப் பாடமாக ஒரு பருவத்தில் கொடுத்துவிட்டு நிறுத்துவதை விட, மூன்று ஆண்டும் செய்முறைகளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புகுத்துவது மாணவரிடம் நிலைக்கிறது. மேலே சொன்ன கடற்கரைத் தரவு அதற்கு அருமையான மூலப்பொருள். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அது கற்பிக்கும் திறன்களைக் கட்டமிட்டுப் பாருங்கள்: மூன்று பாடங்கள் ஒரே நொதி ஆய்வைக் கற்பிப்பதும், களக்குறிப்பேடு எழுதுவதை ஒருவரும் கற்பிக்காததும் அந்தக் கட்டங்களில் தெரிந்துவிடும்.

மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்தவரும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்தவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். முதல் பருவத்தில் அவர்களின் தயார்நிலை ஒன்றாக இருப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் ‘உயிரணு’ என்றும் ‘ஒளிச்சேர்க்கை’ என்றும் படித்து, இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலைத் திறக்கும் மாணவியை நினைத்துப் பாருங்கள்; அவளுக்குக் கருத்து தெரியும், பெயர்தான் மூன்றாம் முறை மாறியிருக்கிறது. முதல் பருவத்திலேயே மும்மொழிக் கலைச்சொற்பட்டியல் ஒன்றைக் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. களப்பயணக் கட்டணமும் அப்படித்தான். நிபோங் திபாலிலிருந்தோ சுங்கைப்பட்டாணியிலிருந்தோ, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைக்குப் படகுக் கட்டணமும் தங்கும் செலவும் பாரம். வெட்கப்பட்டுக் காய்ச்சல் என்று சொல்லிப் பயணத்தைத் தவிர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டாயக் களப்பயணம் அனைத்துக்கும் துறையே செலவேற்கும் என்ற ஒரு வரியைத் திட்டத்தில் சேர்க்கப் போராடுங்கள்.

பணமும் அளவுகோல்களும்

அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியம் போன்றவை தனி ஆய்வாளரின் பெயரில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வருபவை. அவற்றை நம்பித் துறையின் நிரந்தரச் செலவுகளைத் திட்டமிடக் கூடாது. உறைவிப்பானின் மின்சாரம், நுண்ணோக்கிகளின் பராமரிப்பு ஒப்பந்தம், மாதிரித் தொகுப்பு அறையின் குளிர்சாதனம் ஆகியவை துறையின் சொந்த நிதியில்தான் இருக்க வேண்டும். நிதி முழுமையாகக் கிடைத்தால், பாதி கிடைத்தால், ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காவிட்டால் என்று மூன்று நிலைகளுக்கும் எழுதுங்கள். மூன்றாவது நிலையில் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் அனுபவமுள்ள டீன் முதலில் படிப்பார்.

அளவுகோல்களைப் பொறுத்தவரை, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்கு மைரா என்னும் மலேசிய ஆராய்ச்சி மதிப்பீடு இருக்கிறது. அது கேட்கும் எண்களைப் பல்கலைக்கழகம் எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளும். துறை தனக்கென வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் ஐந்தாறு போதும். முனைவர் பட்ட மாணவர்களில் எத்தனை பேர் உரிய காலத்துக்குள் முடித்தார்கள், ஒரே செய்முறையைத் திரும்ப நடத்திய மணி நேரம் எவ்வளவு குறைந்தது, தொகுப்பில் எத்தனை மாதிரிகள் பட்டியலிடப்பட்டன, கடற்கரைத் தொடர் எந்த ஆண்டிலாவது விடுபட்டதா என்பன போன்றவை.

எழுதுதலும் ஒப்புதலும்

முழு வேலைக்கும் ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணுவதற்கு மூன்று, பேசுவதற்கு மூன்று, எழுதித் திருத்துவதற்கு மூன்று. பேசும் மாதங்களில் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டினால் மூத்த பேராசிரியர்கள் மட்டுமே பேசுவார்கள். இளையோரையும் உதவியாளர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் தனித்தனியே, அவர்கள் இடத்துக்கே சென்று கேளுங்கள். இறுதி ஆவணம் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே பொறுப்பான பதவி, முடியும் மாதம், தேவையான தொகை, அதற்காக நாம் நிறுத்தப்போகும் வேலை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு அதிகமாக வரும். மூன்று ஆண்டுகளாக ஆறு பேர் மட்டுமே எடுத்த விருப்பப் பாடத்தை நிறுத்தச் சொன்னால் அதை உருவாக்கியவர் வருந்துவார். அவரிடம் கூட்டத்துக்கு முன்பே நேரில் சென்று, எண்களைக் காட்டி, அப்பாடத்தின் சிறந்த பகுதியை எந்தப் பாடத்தில் சேர்க்கலாம் என்று அவரையே கேளுங்கள்.

ஒப்புதல் கிடைத்த பிறகு, ஒவ்வொரு பருவத்தின் முதல் துறைக் கூட்டத்திலும் திட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஓய்வு ஆண்டுத் தாள், மணி நேரக் கணக்கு, களங்களின் ஆயத்தொலைவுகள், அனுமதிக் கடிதங்களின் காலாவதித் தேதிகள் ஆகியவற்றின் மூலக்கோப்புகளை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் வைக்காமல் துறையின் பொதுக்கோப்பில் சேருங்கள். எண்கள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று ஒரு பக்கக் குறிப்பையும் முன்னால் வையுங்கள். ஐந்தாண்டு கழித்து இதே பொறுப்பில் அமரும் இளையவர் முதலில் திறக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.